தேனியின் நீண்டதூர வை-ஃபை வலை: எதனால் நின்றது, எதனால் நிலைத்தது

ஆண்டிபட்டியிலோ போடியிலோ சின்னமனூரிலோ உள்ள ஒரு சிறிய கண் பரிசோதனை மையம். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் ஒருவர் நோயாளியை ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) முன் உட்காரவைத்துப் பார்க்கிறார், படம் எடுத்து அனுப்புகிறார். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரை வழியாக நோயாளியிடம் நேரடியாகப் பேசுகிறார். கண்ணாடி போதுமா, சொட்டு மருந்தா, அறுவைக்கு வரவேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலான உரையாடல்கள் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டிய அவசியம் நோயாளிக்கு இல்லை.

இந்தப் பேச்சைச் சுமந்தது மடிக்கணினிக்கு இணைப்பு தருகிற சாதாரண வை-ஃபை அட்டைதான். அதை டவர் உச்சியில் கம்பிவலை ஆண்டெனாவோடு பூட்டி, ஊருக்கு ஊர் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டையர் ஆய்வுக்குழுவும் அரவிந்த் ஊழியர்களும் சேர்ந்து அமைத்த வலை இது. 2008-இல் வெளியான விவரப்படி, ஐந்து மையங்களையும் மருத்துவமனையையும் இணைக்க 11 ரவுட்டர்கள், 9 நேர் இணைப்புகள். மிகக் குறுகிய இணைப்பு 1 கிமீ. மிக நீண்டது ஆண்டிபட்டிக்குப் போகும் 15 கிமீ. ஆறு ரவுட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயர டவர்களில் இருந்தன. மற்றவை மொட்டைமாடிக் கம்பங்களிலும், கிடைத்த உயரமான கட்டுமானங்களிலும் ஏறின. ஒரு நூற்பாலை வளாகத்து மின்நிலையத்தின் புகைபோக்கியும் அவற்றில் ஒன்று.

வேகத்துக்காக இந்த வலை பேசப்பட்டது. ஆனால் கிராமத்துக்குத் தொலைபேசியும் இணையமும் கொண்டுபோக நினைக்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதன் பழுதுகளைத்தான். அலை 15 கிமீ-ஐச் சிரமமில்லாமல் கடந்துவிட்டது. ரவுட்டருக்குச் சீரான மின்சாரம் கொடுப்பதும், பழுது எங்கே என்று தூரத்தில் இருந்து கண்டுபிடிப்பதும்தான் பெரும்பாடாக இருந்தது.

கம்பி ஏன் போதவில்லை

அன்று கையில் இருந்த வழிகளைப் பார்ப்போம். டயல்-அப் இணைப்பு ஏட்டில் 56 கிலோபிட். நீண்ட கிராமத்துக் கம்பியில் அதுவும் வராது. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில்தான் அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியது. அதுவும் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிமீ செம்புக்கம்பிக்குள் இருப்பவர்களுக்குத்தான் எட்டும். செயற்கைக்கோள் இணைப்பு எங்கும் கிடைக்கும் என்றாலும், 36,000 கிமீ ஏறி இறங்கும் தாமதமும் மாதக் கட்டணமும் சிறிய மையத்துக்குத் தாங்காது.

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் இன்னொரு வழி. கம்பியில்லாமல் நேர்ப்பார்வையில் 10 கிமீ வரை, ரிலே நிலையம் (சிக்னலை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்தும் இடைநிலையம்) வைத்தால் 25 கிமீ வரை போகும். தொலைபேசியையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் கொடுக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் என்-லாக் இணைய மையங்கள் இதை வைத்துத்தான் ஓடின. பேசுவதற்கும் மின்னஞ்சலுக்கும் அருமையான தொழில்நுட்பம். ஆனால் வேகம் 35 அல்லது 70 கிலோபிட். முகம் பார்த்துப் பேச அது பற்றாது.

திட்டம் போடுகிறவர்கள் அடிக்கடி தவறவிடுகிற ஒன்று இங்கே இருக்கிறது. நகரத்துக்காக வடிவமைத்த அகலக்கற்றையில் இறக்கும் வேகம் பெரிது, ஏற்றும் வேகம் சிறிது. கிராமம் வெறுமனே வாங்கிக்கொள்ளும் இடம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. தொலைமருத்துவத்தில் கிராமம்தான் அனுப்புகிற பக்கம். நோயாளியின் கண் படமும் அவர் முகமும் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் போகின்றன. இரு திசையிலும் ஒரே வேகம் தருகிற வை-ஃபை இந்த வேலைக்கு இயல்பாகப் பொருந்தியது.

சட்டமும் அதே சமயத்தில் வழிவிட்டது. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. கருவியின் திறன் 1 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்து வெளியேறும் திறன் 4 வாட், அதாவது ரேடியோத் திறனை அளக்கும் டிபிஎம் கணக்கில் 36-ஐத் தாண்டக்கூடாது. கூரைக்கு மேல் 5 மீட்டர் வரை ஆண்டெனா நிற்கலாம். அதற்கு மேல் டவர் எழுப்ப இட அனுமதி தனியாக வாங்க வேண்டும். அந்த அனுமதிக்கான காலத்தைத் திட்ட அட்டவணையில் சேர்க்காமல் விட்டால், டவர் எழுந்தாலும் இணைப்பு ஓடாது.

15 கிமீ: கணக்கு எப்படி வருகிறது

ஆண்டிபட்டி நீள இணைப்பை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 கிமீ வெட்டவெளியில் அலை இழப்பது சுமார் 123.6 டெசிபல். அனுப்பும் பக்கம் சட்ட உச்சமான 36 டிபிஎம், வாங்கும் ஆண்டெனாவின் குவிப்பு 24 டிபிஐ (ஆண்டெனா குவிப்பின் அலகு), இணைப்பான்களில் 1 டெசிபல் போய்விட்டது என்று வைத்தால் வந்து சேர்வது −65 டிபிஎம். 11 மெகாபிட் வேகத்தில் ஒரு நல்ல அட்டைக்குத் தேவை −85 அளவு (எண் கீழே போகப்போகச் சிக்னல் பலவீனம்). கையில் 20 டெசிபல் மிச்சம் இருக்கிறது. இந்த −65 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். டவரில் ஏறி ஆண்டெனாவைத் திருப்புகிறவருக்கு அதுதான் அளவுகோல்.

ஏனென்றால் ஆண்டெனா திருப்புவதில் ஒரு பொறி உண்டு. தேனியில் பயன்பட்டவை 24 முதல் 27 டிபிஐ குவிப்புள்ள, சுமார் 8 பாகை கற்றை விரிவுள்ள ஆண்டெனாக்கள். முதன்மைக் கற்றைக்கு இரு பக்கமும் சிறிய பக்கக் கற்றைகள் இருக்கும். திருப்பிக்கொண்டே வரும்போது சிக்னல் ஏறி ஒரு உச்சம் காட்டும், அப்பால் இறங்கும். அங்கேயே நட்டை முறுக்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். அது பக்கக் கற்றையின் உச்சமாக இருந்தால் −65 வர வேண்டிய இடத்தில் −82 வரும். இணைப்பு கிடைக்கும், வெயில் நாளில் ஓடும், சற்றே விலகினாலும் அறுந்துபோகும். ஆகவே ஒரு முனையை வரைபடத்திலிருந்து எடுத்த திசைக்கோணத்தில் கட்டிவிட்டு, மறுமுனையை முழு வீச்சுக்கும் மெதுவாகச் சுழற்றி, எல்லா உச்சங்களையும் எழுதி, மிகப் பெரியதைப் பிடிக்க வேண்டும். பிறகு அதை அப்படியே விட்டு முதல் முனையைச் சுழற்ற வேண்டும். கணக்கிட்ட எண்ணுக்கு 3 டெசிபல் பக்கத்தில் வராவிட்டால் வேலை முடியவில்லை. ஒரு முனையில் ஆண்டெனா நெட்டையாகவும் மறுமுனையில் படுக்கையாகவும் இருந்தால் அதனாலேயே 20 டெசிபல் போய்விடும். தரையில் நிற்கும்போதே இரண்டையும் ஒரே வாட்டமாக வைத்துக் குறியிட்டுவிடுவது நல்லது.

உயரம் ஏன் 40 மீட்டர் வரை போனது? இரு முனைகளும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்த முட்டை வடிவமாகப் போகிறது. 15 கிமீ தூரத்தில் நடுப்புள்ளியில் இந்த ஃபிரெனல் பகுதியின் ஆரம் ஏறக்குறைய 21.6 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும்: 13 மீட்டர். பூமியின் வளைவுக்கு நடுவில் 3.3 மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்னந்தோப்பு 15 மீட்டர் என்றால் கூட்டுத்தொகை 31 மீட்டரைத் தாண்டுகிறது. தென்னை வளரும் என்பதையும் மறக்கக்கூடாது. ஐந்து வருடம் கழித்துக் காரணமில்லாமல் சிக்னல் குறைகிறது என்று தேடுபவர்கள் முதலில் நடுவழித் தோப்பைப் போய்ப் பார்க்க வேண்டும். புகைபோக்கி போன்ற இருக்கிற உயரத்தைத் தேடிப் பிடித்தது இதனால்தான். செலவில் பெரும்பங்கு டவர் இரும்புக்குப் போகிறதே தவிர ரேடியோவுக்கு இல்லை.

ரவுட்டரைக் கீழே அறைக்குள் வைத்து ஆண்டெனாவுக்கு மட்டும் கோஆக்சியல் கேபிள் இழுக்கலாமே என்று தோன்றும். நல்ல தடித்த கேபிளிலேயே இந்த அலைவரிசையில் மீட்டருக்கு 0.22 டெசிபல் போகும். 40 மீட்டருக்கு 8.8 டெசிபல். கையிருப்பில் பாதி கேபிளிலேயே கரைந்துவிடும். ஆகவே தேனியில் ரவுட்டரை நீர்புகாப் பெட்டியில் போட்டு ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். தரையிலிருந்து ஒரே ஈதர்நெட் கேபிள், அதிலேயே மின்சாரமும். சரியான முடிவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஒவ்வொரு பழுதுக்கும் யாராவது ஏற வேண்டும்.

நெறிமுறைக்குள் இருந்த சிக்கல்

வை-ஃபை ஒரு அறைக்காகப் பிறந்தது. ஒரு பொட்டலம் (தரவின் சிறு துண்டு) அனுப்பினால் மறுமுனை உடனே ‘வந்துவிட்டது’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்ப அனுப்பும். 15 கிமீ போய்வர ஒளிக்கே 100 மைக்ரோநொடி ஆகிறது. அட்டையின் காத்திருப்பு நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால், பொட்டலம் நல்லபடியாகச் சேர்ந்த பிறகும் அனுப்பியவர் தொலைந்தது என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார். சிக்னல் பிரமாதமாகத் தெரியும், வேகம் மட்டும் வராது. நீண்டதூர இணைப்பில் புதியவர்கள் தடுக்கி விழுகிற முதல் இடம் இது. சாதனத்தில் தூர அமைப்பு இருந்தால் உண்மைத் தூரத்தைவிடச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் போதும்.

அதைச் சரிசெய்த பிறகும் இன்னொன்று மிச்சம். அனுப்பும் முன் ‘யாராவது பேசுகிறார்களா’ என்று காதுகொடுத்துக் கேட்பது வை-ஃபையின் பழக்கம். தூரத்து முனை பேசத் தொடங்கிய 50 மைக்ரோநொடிக்குப் பிறகுதான் அது இங்கே கேட்கிறது. அதற்குள் இவரும் பேசத் தொடங்கிவிடுகிறார். ஒரே டவரில் இரண்டு மூன்று ஆண்டெனா இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஒன்று அனுப்பும்போது அதன் பக்கக் கசிவே அடுத்ததன் காதை அடைத்துவிடும். இதற்கான தீர்வை கான்பூர் ஐஐடியைச் சுற்றிய கிராமங்களில் நடந்த ஆய்வில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-இல் முன்வைத்தார்கள்: ஒரு டவரில் உள்ள எல்லா ரேடியோக்களும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும், ஒரே நேரத்தில் கேட்கட்டும். டையர் குழு அதன்மேல் கட்டியெழுப்பிய நெறிமுறை இரு முனைகளுக்கும் நேரத்தை முறைவைத்துப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியாகக் காத்திராமல் மொத்தமாக ஒப்புகை வாங்கியது. தொலைவதை ஈடுகட்டக் கொஞ்சம் மிகைத் தரவையும் சேர்த்து அனுப்பியது. 60 கிமீ வரையிலான இணைப்புகளில் 5 முதல் 7 மெகாபிட் வரை கிடைத்தது.

அளந்து பார்த்தபோது தெரிந்த ஒரு விஷயம் நகரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உதவும். பொட்டல இழப்புக்கு முக்கியக் காரணம் மழையோ அலை எதிரொலிப்போ இல்லை. அதே சேனலில் இயங்கும் மற்றவர்களின் வை-ஃபை. வயல்வெளிக்கு நடுவே இழப்பு மிகக் குறைவு. ஒரு முனை ஊருக்குள் இருந்தால் அந்த முனையில் மட்டும் இழப்பு எகிறும். ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் எது அமைதியாக இருக்கிறது என்று ஊருக்குள் இருக்கும் முனையில் நின்று, மாலை நேரத்தில் பார்க்க வேண்டும். காலையில் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றிவிடும்.

230 வோல்ட் என்று எழுதியிருப்பது

இனி மின்சாரத்துக்கு வருவோம். டையர் குழு கிராமப்புற மின்சாரத்தைப் பதிவு செய்தபோது 1000 வோல்ட் வரை எகிறும் பாய்ச்சல்களைக் கண்டது. 70 வோல்ட்டுக்கு இறங்கி நிற்பதும் 350 வோல்ட்டுக்கு ஏறி நிற்பதும் நடந்தது. ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீண்டு போகும் தாழ்வழுத்தக் கம்பியின் கடைசியில் இருக்கும் கட்டடத்தில், பம்ப்செட் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். ஒன்றாக நிற்கும்போது ஏறும். நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும். பல்பும் மின்விசிறியும் இதைச் சகித்துக்கொள்ளும், ரவுட்டர் சகிக்காது.

நேரடியாக எரிந்துபோவது கண்ணுக்குத் தெரியும் பழுது; அதை மாற்றிவிடலாம். அதைவிடத் தொல்லை கொடுத்தது தாழ்வழுத்தம். மின்சாரம் முழுதாகப் போனால் ரவுட்டர் அணையும், வந்ததும் எழும். பாதி போனால் செத்தும் சாகாமல் தொங்கும்: விளக்கு எரியும், செயலி உறைந்திருக்கும். யாராவது பிளக்கைப் பிடுங்கி மாட்டும் வரை அப்படியே கிடக்கும்.

டவர் உச்சியில் இது இன்னும் மோசமாகும். கணக்கு இதோ. அந்த ரவுட்டர்கள் சராசரியாக 7 வாட்டும், இரண்டு ரேடியோவும் முழுவேகத்தில் அனுப்பும்போது 9.5 வாட்டும் எடுத்தன. 50 மீட்டர் ஈதர்நெட் கேபிளில் இரண்டு ஜோடிக் கம்பிகள் மின்சாரம் சுமந்தால் போய்வர மின்தடை ஏறக்குறைய 4.2 ஓம். கீழே 12 வோல்ட் கொடுத்தால், 7 வாட் இழுக்கும்போது மேலே போய்ச் சேர்வது 8.6 வோல்ட்தான். 9.5 வாட் அந்தக் கம்பியில் போகவே போகாது. 12 வோல்ட்டில் அந்தக் கேபிள் கடத்தக்கூடிய உச்சமே 8.6 வாட் சுமார். அதாவது மேசைமேல் சோதித்தபோது நன்றாக ஓடிய ரவுட்டர், டவரில் ஏற்றியதும் சும்மா இருக்கும்போது ஓடும். வீடியோ பேச்சு தொடங்கியதும் விழும். அழைப்பு வந்தால் நெட் போகிறது என்று ஊழியர் சொல்வார், பொறியாளர் நம்பமாட்டார். ஊழியர் சொல்வதுதான் சரி. 48 வோல்ட்டில் அனுப்பினால் அதே 9.5 வாட்டுக்குக் கேபிளில் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. டவர் என்று வந்துவிட்டால் 12 வோல்ட்டை மேலே அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

யுபிஎஸ் வைத்தாயிற்றே என்று நிம்மதியாக இருக்க முடியாது. விலைகுறைந்த யுபிஎஸ், மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் கம்பியில் வருவதை அப்படியே வெளியே விடும். பாய்ச்சலும் கூடவே வரும். பாதுகாப்பான வரிசை வேறு: மின்கம்பியிலிருந்து அகன்ற அழுத்த வரம்பைத் தாங்கும் சார்ஜர், அதிலிருந்து பேட்டரி, ரவுட்டர் எப்போதும் பேட்டரியிலிருந்து மட்டும். அளவு போட்டுப் பார்த்தால், 7 வாட் ஒரு நாளைக்கு 168 வாட்-மணி. 12 வோல்ட்டில் 14 ஆம்பியர்-மணி, மாற்று இழப்போடு 17. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலிசெய்தால் ஆயுள் குறையும் என்பதால் ஒரு நாள் தாங்க 34, இரண்டு நாள் தாங்க 70 ஆம்பியர்-மணி வேண்டும். மின்கம்பி போகாத ரிலே இடத்தில் சூரியப் பலகை என்றால், ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்குக் கணக்கு 48 வாட் காட்டும். ஐப்பசி மழைக்காலத்தை நினைத்து 75 அல்லது 100 வாட் போடுவதே புத்தி.

பேட்டரி வைத்தால் தாழ்வழுத்தத் துண்டிப்பான் வேண்டும். கடையில் கிடைத்தவற்றில் ஒரு குறை இருந்தது. அதனால் டையர் குழு தனியாகவே சுற்று வடிவமைக்க வேண்டியதாயிற்று. பேட்டரி 11.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் துண்டிப்பான் சுமையைக் கழற்றுகிறது. சுமை போனதும் பேட்டரி தானாகவே 11.9-க்கு எழும். துண்டிப்பான் 11.8-இல் மீண்டும் இணைக்கும் வகையாக இருந்தால் உடனே இணைத்துவிடும், ரவுட்டர் எழத் தொடங்கும், பேட்டரி மறுபடி விழும், துண்டிக்கும். இரவெல்லாம் இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ரவுட்டர் பாதி எழுந்த நிலையில் மின்சாரம் போகிறது. சேமிப்பு அட்டையில் அந்த நேரம் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பமைப்பு கெடும். ஆகவே 11.4-இல் கழற்றினால் 12.7 வந்த பிறகே, அதுவும் சில நிமிடம் அங்கே நிலைத்த பிறகே, சேர்க்க வேண்டும். சேமிப்பு அட்டையைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்ற வேண்டும். பதிவுகளை நினைவகத்தில் வைத்து, அவ்வப்போது வேறு கணினிக்கு அனுப்பிவிட வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை; எத்தனையோ தடவை டவர் ஏறுவதைத் தவிர்க்கும்.

இடிக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. டவரில் 40 மீட்டர் செம்புக் கேபிள் தொங்குகிறது என்றால் அதுவே ஒரு ஆண்டெனா. நேரடியாக இடி விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே ஈதர்நெட் போர்ட் போகும். கவச உறையுள்ள கேபிள், இரு முனையிலும் பாய்ச்சல் தடுப்பான், டவர் எர்த்தும் கட்டட எர்த்தும் தடித்த கம்பியால் ஒன்றாகச் சேர்ந்திருப்பது ஆகிய மூன்றும் வேண்டும். எர்த் இரண்டும் தனித்தனியாக இருந்தால் அவற்றுக்கு இடையிலான வேறுபாடு கேபிள் வழியாகத்தான் பாயும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஆடிக் காற்று பலமாக வீசும் பகுதியில் முழுத்தட்டு ஆண்டெனாவைவிடக் கம்பிவலை ஆண்டெனா காற்றுக்கு வழிவிடும். ஆனாலும் ஆடி முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பின் அளவையும் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பழுது எங்கே இருக்கிறது

தேனியிலிருந்து பார்ப்பவருக்கு ஆண்டிபட்டி பதில் சொல்லவில்லை. என்ன ஆயிற்று? அங்கே கரண்ட் இல்லையா, ரிலேயில் கரண்ட் இல்லையா, ரவுட்டர் உறைந்ததா, ஆண்டெனா திரும்பியதா, அல்லது மையத்தைப் பெருக்கும்போது யாராவது வயரைக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்டினார்களா? அறிகுறி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கண்டுபிடிக்கும் வழி வைக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் வண்டி எடுத்துப் போக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர் பாதுகாப்புக்காக மெயினை அணைத்துவிட்டுப் போவதும் கிராமத்துக் கட்டடங்களில் இயல்பு. அந்த இடம் ரிலேயாகவும் இருந்தால் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் இருளும். ரவுட்டரின் மின்இணைப்பு மெயினுக்கு முன்பே பிரிந்து, பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும்.

பலன் கொடுத்த ஏற்பாடுகள் எளிமையானவை. ஒவ்வொரு ரவுட்டரும் உள்ளிருந்து வெளியே ஒரு நிலையான இணைப்பைத் தானே திறந்து வைத்துக்கொண்டு, தன் நிலையைக் குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை அனுப்பிவிட வேண்டும். மருத்துவமனையின் இணைய இணைப்புக்குப் பொது முகவரி இல்லாதபோது வெளியிலிருந்து உள்ளே நுழைய வேறு வழியில்லை. உறைந்தால் தானாக மறுதொடக்கம் செய்யும் வன்பொருள் காவலன் வேண்டும். வலை முழுதும் விழுந்தாலும் குறுஞ்செய்தி வழியாகப் பேட்டரி அழுத்தத்தைச் சொல்லும் தனி வழி ஒன்று இருந்தால், கரண்டா கருவியா என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தூரத்து ரவுட்டரில் அமைப்பை மாற்றும் முன், பத்து நிமிடத்தில் பழைய அமைப்போடு மறுதொடக்கம் ஆகும்படி முடுக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். தப்பான முகவரியைத் தட்டி, தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொள்வது அனுபவசாலிக்கும் நடக்கும்.

மிச்சம் இருப்பது மையத்தில் உள்ளவரின் கண். அவருக்குக் கணினிப் படிப்பு தேவையில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். தொலைபேசியில் கேட்க வேண்டிய வரிசையை முன்கூட்டியே எழுதி இரு பக்கமும் ஒட்டிவிட வேண்டும். “சிஸ்டர், கறுப்புப் பெட்டியில சிவப்பு லைட் எரியுதா?” எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. “பக்கத்துல பச்சை மினுக்குதா, அப்படியே நிக்குதா?” நின்றால் மேலே ரவுட்டர் உறைந்திருக்கிறது. “மஞ்சள் டேப் சுத்துன வயரை மட்டும் கழட்டி, பத்து எண்ணிட்டு மாட்டுங்க.” ஒவ்வொரு வயரிலும் ஒரு நிற டேப், அது போக வேண்டிய ஓட்டைக்கு மேலும் அதே நிறம். எண்ணோ ஆங்கிலப் பெயரோ எழுதிய ஸ்டிக்கரைவிட நிறம் தொலைபேசியில் நன்றாக வேலை செய்கிறது.

நிறுவிய முதல் ஆண்டுகளில் பெர்க்லியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் பழுது பார்த்தார்கள். பிறகு அரவிந்தின் சொந்தக் கணினிப் பிரிவு ஊழியர்கள் கற்றுக்கொண்டு பொறுப்பை ஏற்றார்கள். மதுரை, திருநெல்வேலி மருத்துவமனைகளுக்கு இதே முறை விரிந்தபோது வேலையை அவர்களே உள்ளூர் ஒப்பந்ததாரர்களை வைத்துச் செய்தார்கள். திட்டம் ஆய்வகத்தின் கையிலிருந்து மருத்துவமனையின் கைக்கு மாறியது அந்த இடத்தில்தான். நடுவில் இருக்கும் ரிலே இடங்கள்தான் கடைசி வரை சிரமம். புகைபோக்கியில் ஏறப் பிறருடைய வளாகத்துக்குள் அனுமதி வாங்கிப் போக வேண்டும், அவர்களுக்கு இணைப்பால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. முடிந்தவரை ரிலே நிற்கும் இடத்துக்கும் ஒரு இணைப்பைக் கொடுத்துவிட வேண்டும். அறுந்தால் அவர்களே முதலில் அழைத்துச் சொல்வார்கள்.

இன்று அதே பள்ளத்தாக்கில் தொடங்கினால்

நெறிமுறையை எழுத இன்று யாரும் உட்கார வேண்டியதில்லை. நேரம் பிரித்து அனுப்பும் வெளிப்புற ரேடியோக்கள் ஆண்டெனாவோடு சேர்ந்தே கிடைக்கின்றன. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கும் உரிமம் இல்லாமல் திறக்கப்பட்டது. அதே 15 கிமீ-க்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் இழப்பு 7.7 டெசிபல் கூடும். ஆனால் ஃபிரெனல் பகுதி ஒடுங்குவதால் நடுவில் வேண்டிய இடைவெளி 13 மீட்டரிலிருந்து 8.4 மீட்டராகக் குறைகிறது. டவரில் நாலைந்து மீட்டர் மிச்சம் என்றால் அது பெரிய தொகை.

நீண்ட தூரத்தை ஒளியிழை பார்த்துக்கொள்ளும். 2011 அக்டோபரில் தேசிய ஒளியிழை வலை என்ற பெயரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் ஆன திட்டம் நாட்டின் சுமார் 2.5 லட்சம் கிராம பஞ்சாயத்துகளுக்கு இழை கொண்டுபோகும் நோக்கம் கொண்டது. பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து 3 கிமீ தள்ளியிருக்கும் குக்கிராமத்துக்கும், மலைச்சரிவில் இருக்கும் குடியிருப்புக்கும் கடைசித் துண்டு இன்னமும் ரேடியோதான். இழை முனையில் இருக்கும் சிறு பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் அதன் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்ற தேனிக் கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

குரலுக்குத் தனியாகக் கம்பி தேவையில்லை. மையங்களுக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஐபி தொலைபேசி (அதே தரவு வலை வழியே பேசும் தொலைபேசி) வைத்தால், சுருக்காத குரலுக்கு ஒரு திசையில் 80 முதல் 90 கிலோபிட், சுருக்கினால் 25 முதல் 30 கிலோபிட் போதும். 5 மெகாபிட் இணைப்பில் அது ஒரு மூலை. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்க மட்டும் மறக்கக்கூடாது. யாராவது பெரிய கோப்பை இறக்கினால் முதலில் திக்குவது பேச்சுதான். சொந்த வலைக்குள் பேசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதைப் பொதுத் தொலைபேசி வலையோடு கோர்க்க உரிமம் வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரேடியோ வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இணைப்பு போகப்போகும் ஒவ்வொரு கட்டடத்திலும் அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை ஒரு மாதம் மாட்டி வைக்க வேண்டும், முடிந்தால் பம்ப்செட்டுகள் ஓடும் கோடையில். அந்த வரைபடம் கையில் வந்த பிறகு சார்ஜரின் அழுத்த வரம்பையும் பேட்டரியின் அளவையும் முடிவு செய்யலாம். ஐந்து மையத்துக்கு ஒரு பெட்டி வீதம் உதிரிப் பாகங்கள், அமைப்பு ஏற்றிவைத்த ரவுட்டர் ஒன்று, மின்சாரம் புகுத்தும் அடாப்டர் இரண்டு, பாய்ச்சல் தடுப்பான் நான்கு, நகல் எடுத்த சேமிப்பு அட்டைகள், இணைப்பான்களைச் சுற்றும் ரப்பர் டேப் ஆகியவை முதல் நாளிலேயே அந்தப் பகுதியில் இருக்க வேண்டும். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒவ்வொரு இணைப்பின் சரியான சிக்னல் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். டவர் ஏறுகிறவர் அதைப் பார்த்துவிட்டு ஏறட்டும்.